அம்பது கிலோவுக்கு நூறு ராத்தல்

முள்ளு தப்பாக நிறுத்தார் என்று அந்த மிளகுக் கிடங்கில் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அங்கே நிம்மதியாக வேலை பார்க்கவும் முடியாது. தராசு முள் மாதிரியே ஆளும் ஒல்லி, நேர், விறைப்பு. அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

கிடங்கில் வேலை நடக்கிற விதம் இது. தோட்டங்களிலிருந்து மிளகு மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மூட்டையிலும் ஐம்பது கிலோ என்று மை குத்தியிருக்கும். வருகிற மூட்டையை நிறுக்கிற வழக்கம் இல்லை. எண்ணி இறக்குவதோடு சரி. பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் போட்டுப் புடைப்பார்கள். தூசி போகும், காம்பு போகும், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகெல்லாம் காற்றோடு பறந்து போகும். மிஞ்சியதைக் காயவைத்து மறுபடி கட்டி வைத்தால் அதை முள்ளு நிறுப்பார். அவருடைய தராசு பழைய ராத்தல் தராசு, கிலோ வருவதற்கு முந்தைய பவுண்டுக் கணக்கு. ஐம்பது கிலோ என்று வந்த மூட்டை அதில் நூறு ராத்தலாக நிற்கும். பள்ளிக்கூடக் கணக்கைக் கேட்டால் ஐம்பது கிலோவுக்கு நூற்றுப்பத்து ராத்தல் என்று சொல்லும். அந்தப் பத்துதான் தூசியும் காம்பும் பொக்கும். கிடங்குப் பேச்சில் அதற்குக் கழிவு என்று பெயர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, புடைத்தால் அவ்வளவுதான் மிஞ்சும். அதனால் அங்கே எல்லோருக்கும் கிலோவுக்கு ரெண்டு ராத்தல். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

முள்ளின் மனைவியும் அங்கே புடைக்கிறவள். அவள் முறத்தைத் தாண்டி ஒரு பொக்கு உள்ளே போய்விட்டால் அன்றைக்கு மழை கொட்டும் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். கை வேகம், வாய் அதைவிட வேகம். புருஷன் தராசடியில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அங்க பாரு, என் வீட்டுக் கம்பம் நிக்குது" என்பாள். வரிசையே சிரிக்கும். முள்ளுக்குக் காது கேட்காத மாதிரி இருக்கத் தெரியும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே அவளுக்கு இருமல் வந்தது. மிளகுத் தூசி என்று விட்டுவிட்டார்கள். பிறகு சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. அதையும் விட்டார்கள். முறம் கை நழுவிக் கீழே விழுந்த அன்றைக்குத்தான் முள்ளு அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் வாந்தி. பாவம், பஸ் என்றாலே அவளுக்கு ஆகாது.

டாக்டரம்மா சின்ன வயசுதான். நிதானமாகப் பேசினாள்.

"மார்ல சளி கட்டிப் புண்ணாயிருக்கு. குணமாக்கிடலாம், பயப்படாதீங்க. ஆனா மாத்திரை கொஞ்சம் கடுமையானது. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. உடம்பு எடைக்குத் தக்கபடிதான் இதோட அளவு. இப்ப அம்மா அம்பது கிலோ இருக்காங்க. அம்பதுக்குத்தான் குடுத்திருக்கேன்."

"சரிங்கம்மா," என்றார் முள்ளு.

"வாரம் ஒரு தடவை எடை பார்க்கணும். நாப்பத்தஞ்சு வந்துட்டா யாரையும் கேட்க வேண்டாம், மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. அதுக்குக் கீழ போயும் இதே அளவைச் சாப்பிட்டா ஈரலைப் பிடிச்சிடும். அப்புறம் மருந்தே விஷம். புரியுதா?"

"புரியுதுங்க."

"உங்க பக்கத்துல எடை பார்க்கிற வசதி இருக்கா? இல்ல வாராவாரம் இங்கயே வந்துடறீங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலும் சிரிப்புமாக, "இவர்கிட்டயா கேக்குறீங்க? இவருக்கு அதுதானே பொழைப்பு! எங்க கல்யாணத்துலகூட என்னை நிறுத்துப் பார்த்துத்தான் கூட்டிட்டு வந்திருப்பாரு, எங்கப்பா விடல," என்றாள்.

"கிலோ தராசுதானே?" என்றாள் டாக்டரம்மா.

"எந்தத் தராசா இருந்தா என்னம்மா? கணக்கு என் நாக்கு நுனில இருக்கு," என்றார் முள்ளு. வெளியே வரும்போதே மனசுக்குள் போட்டு முடித்துவிட்டார். அம்பதுக்கு நூறு. நாப்பத்தஞ்சுக்குத் தொண்ணூறு. தொண்ணூறு ராத்தலைத் தொட்டால் கிளம்ப வேண்டியது, அவ்வளவுதானே! பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முப்பது வருஷமாகக் கைக்கு வராத கணக்கு வாய்க்கு எங்கே வரும்?

வீட்டுக்கு வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர், கிடங்குக் கதவுக்கு மண்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். மிளகு ஈரமானால் பூஞ்சை பிடிக்கும் என்று ஆண்கள் எல்லோரும் மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றுவதிலேயே நாள் போயிற்று. முதல் வாரம் எடை பார்க்கவில்லை, அடுத்த வாரமும் முடியவில்லை. வீட்டில் அவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். முள்ளு காலையில் இரண்டு மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், சாயங்காலம் இரண்டு. அவள் விழுங்கும்வரை தண்ணீர்ச் செம்போடு நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு வேளைகூட தவறவில்லை. மருந்து விஷயத்தில் அப்படி ஒரு புருஷன் யாருக்கும் கிடைக்கமாட்டான், அது மட்டும் நிச்சயம்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். ஆளில்லாத கிடங்கு. ஈர மண் வாசனையும் மிளகுக் காரமும் சேர்ந்து தொண்டையைக் கமறவைத்தது. தராசின் இரும்புத் தட்டைத் துணியால் துடைத்துவிட்டு அவளை ஏறி நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்ற வைத்தார். போர்த்தியிருந்த துப்பட்டியையும் வாங்கிக்கொண்டார்.

"கழுத்துச் சங்கிலியையும் கழட்டணுமா?" என்றாள்.

"பேசாம நில்லு. மூச்சு விடாத."

"மூச்சுக்கு என்னங்க எடை?"

தராசுக் கோலில் எடைக்குண்டை நகர்த்தினார். நூறில் வைத்தார், முள் மேலே எகிறியது. இன்னும் நகர்த்தினார். நூற்று நாலில் முள் நடுவில் வந்து நின்றது. முள்ளு குனிந்து பார்த்தார், மறுபடி பார்த்தார். அந்த விறைப்பான முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததைப் பார்க்க அவளைத் தவிர அங்கே யாருமில்லாமல் போனதுதான் குறை.

"நூத்தி நாலு! ஏய், ஏறியிருக்கடி! நாலு ராத்தல் ஏறியிருக்க!"

"நிஜமாவா?"

"என் தராசு பொய் சொல்லுமா?"

அவள் தட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கையால் தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாயிட்டு வரேன்போல," என்றாள். வரும் வழியில் அவர் கோழி வாங்கினார். தானே சூப்பு வைத்தார். உப்பு அதிகம். அவள் நாலு கரண்டி குடித்துவிட்டு, "ரொம்ப நல்லாயிருக்கு, நாளைக்கு மிச்சத்தைக் குடிக்கிறேன்," என்றாள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்.

"அப்பா, அம்மா எவ்வளவு இருக்காங்க?"

"அம்பத்தி ரெண்டு கிலோ!" என்றார் முள்ளு, மகளுக்காகப் பாதியாக்கி. "உங்கம்மாவுக்கு என்ன? ராணி மாதிரி இருக்கா."

"ரெண்டு கிலோ ஏறியிருக்கா? அப்பாடா! நான் வேற பயந்துட்டே இருந்தேம்பா. மாமியாருக்கும் முடியல, உடனே கிளம்பி வரவும் வழியில்ல."

"நீ ஏம்மா வரணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

அடுத்த வாரம் நூற்றொன்று. "மழைக்கு நாக்கு செத்துப்போச்சு, சரியாச் சாப்பிடல, அதான்," என்றார் முள்ளு. மகளுக்கு, ஐம்பதரை கிலோ. அதற்கடுத்து தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றெட்டைப் பார்த்தபோது அவருக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு திக்கென்றது. நூறுக்குக் கீழே வந்துவிட்டதே என்பதால் வந்த திக். பிறகு மனசைத் தேற்றிக்கொண்டார். இன்னும் எட்டு ராத்தல் கையில் இருக்கிறது. அவள் தட்டில் நின்றபடியே, "என்னங்க, முள்ளு என்ன சொல்லுது?" என்றாள். "எட்டு ராத்தல் மிச்சம் இருக்குன்னு சொல்லுது," என்றார். அவள் தலையாட்டினாள். அந்த மனுஷன் எடை சொன்னால் அதற்கு மறுபேச்சு அவளிடம் எப்போதும் இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மறுபேச்சு உண்டு.

அந்த வாரம்தான் தும்மல் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் வீட்டுக்கு வந்தாள். முறக்காரிகளில் ஒருத்தி, இத்தனை வருஷம் மிளகு புடைத்தும் இன்னும் காலையில் வந்ததும் பத்துத் தும்மல் போடாமல் அவளால் உட்கார முடியாது. கஞ்சி வைத்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் இருந்தவளைப் பார்த்ததும் தூக்கை வைக்க இடம் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் ஏதோ பேசிவிட்டு அடுப்படிக்கு வந்து முள்ளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே இது, அக்கா இப்படி இளைச்சுக் கெடக்கு? எலும்புதான் இருக்கு. நீங்க பாட்டுக்கு நல்லாயிருக்கான்னு சொல்லிட்டுத் திரியிறீங்க?"

"போன ஞாயிறுதான் நிறுத்தேன். தொண்ணூத்தெட்டு."

"எனக்கு ராத்தல் கதையெல்லாம் வேண்டாம். கண்ணு இருக்கில்ல எனக்கு? வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குது."

"கண்ணால எடை பாக்க முடியும்னா முதலாளி எனக்கு எதுக்குத் தராசு வாங்கிக் குடுக்கணும்? உன்னையே உக்காத்தி வெச்சு எடை சொல்லச் சொல்லியிருப்பாரே."

"கேலி பண்ணாதீங்கண்ணே. அக்காவோட முழி மஞ்சப் பூத்திருக்கு. பாத்தீங்களா இல்லையா?"

"அது பல்பு வெளிச்சம். அந்த ரூம்ல யாரு நின்னாலும் அப்படித்தான் தெரியும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா என்ன குறைஞ்சா போயிடும்?"

"பஸ்ஸுல ஏத்தினா குடலே வெளிய வந்துடற மாதிரி வாந்தி எடுக்குறா. நாப்பத்தஞ்சு கிலோ வந்தா வான்னு டாக்டரம்மா தெளிவாச் சொல்லியிருக்காங்க. அது தொண்ணூறு ராத்தல். இன்னும் தூரம் இருக்கு. டாக்டரம்மா சொன்னதை மீறி நான் என்னத்தைச் செய்ய?"

தும்மலும் கிடங்குக்காரிதானே! அம்பதுக்கு நூறு என்பதில் அவளுக்கு மட்டும் என்ன சந்தேகம் வரும்? மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி ஒரு தடவை உள்ளே பார்த்தாள்.

அவள் போன பிறகு முள்ளு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து மனைவியின் கண்ணைப் பார்த்தார். வெளியே மறுபடி மேகம் கட்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. "என்னங்க, கண்ணுல விழுந்த தூசியைத் தேடுறீங்களா?" என்றாள். "ஒண்ணுமில்ல, தூங்கு," என்றார்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் கிடங்குக்கு முதல் ஆளாகப் போய்த் தராசைச் சோதித்தார். படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபத்தெட்டு ராத்தல் கல்லுக்குக் குண்டு இருபத்தெட்டில் நின்றது. ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு. தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார், எண்ணெய் விட்டார். ஒரு பிழையும் இல்லை. சுத்தமான தராசு. அவருக்கு மூச்சு வந்தது. தராசு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்தே அந்த மனுஷன் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவளால் கிடங்குவரை நடக்க முடியவில்லை. மூட்டை தள்ளுகிற வண்டியில் பாயை விரித்து உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். தெருவில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற டீக்கடைக்காரர்கூட அன்றைக்குத் தம்ளரைக் கழுவிக்கொண்டே குனிந்துகொண்டார். தொண்ணூற்று மூன்று.

"மூணு கையில இருக்கு," என்றார் முள்ளு.

"மூணு தானா?"

"இறங்குறதெல்லாம் ஏறும். மாத்திரை வேலை செய்ய நாளாகும்ல?"

"வாய் எல்லாம் கசக்குதுங்க. தண்ணியே கசக்குது. ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துடலாமா?"

அவர் தராசின் குண்டை அதன் இடத்துக்குத் தள்ளி வைத்தார். "போலாம்னா போலாம். ஆனா நீ இப்ப இருக்கிற நிலைல அந்தப் பஸ்ஸுல வந்தா அதுலயே ரெண்டு மூணு ராத்தல் போயிடும். தொண்ணூறு வரட்டும். வராது. வந்தா வண்டி பிடிச்சுப் போயிடுவோம்."

"உங்களுக்குத் தெரியாததா," என்றாள் அவள். மகளிடம் நாற்பத்தாறரை கிலோ என்றார். நாற்பத்தைந்து என்ற எல்லை அவளுக்கும் தெரியும். "இன்னும் ஒண்ணரை கிலோ இருக்கில்லப்பா?" என்றாள் மகள். "ஆமாம்மா," என்றார். "பாத்துக்குங்கப்பா."

அந்த வாரம் நடுவில் கிடங்குக்குப் புதுசாக ஒரு தோட்டத்துச் சரக்கு வந்தது. அங்கேயே எந்திரத்தில் சுத்தம் பண்ணி, காயவைத்து, புடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். மிளகு ஒவ்வொன்றும் கறுப்பு மணியாக மினுமினுத்தது. தூசியும் கிடையாது, பொக்கும் கிடையாது. இனிப் புடைக்க வேலை இருக்குமா என்று முறக்காரிகள் காலி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி, "எதுக்கும் ஒரு மூட்டையை நிறுத்துப் பாரு," என்றார். முள்ளு தூக்கி வைத்தார். ஐம்பது கிலோ மை குத்திய மூட்டை. நூற்றுப்பத்தில் நின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பில் பால் வைத்தார். அவளுக்குக் கிடங்குக் கதை கேட்கப் பிடிக்கும். தானும் அங்கேயே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு அவளுக்கு. அதனால் அன்றாடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வார். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பால் தம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு ஒரு சரக்கு வந்துச்சு பாரு, நீ பாத்திருந்தா முறத்தைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்ப. ஒரு பொக்கு இல்ல. தும்மல் ஒரு தும்மல்கூடப் போடல, பாத்துக்கோ!"

அவள் சிரித்தாள். உதடுதான் அசைந்தது.

"முதலாளி நிறுக்கச் சொன்னாரு. அம்பது கிலோ மூட்டை, நூத்திப்பத்து ராத்தல் இருக்கு. அவருக்கு ஆச்சரியம். நான் சொன்னேன், இதுல என்னங்க ஆச்சரியம், கழிவு இல்லாத சரக்கு, புடைக்கல, அதான் முழுசா நிக்குதுன்னு."

பாலை வைத்துவிட்டு மாத்திரையை எடுத்தார். இரண்டு. வழக்கம்போல உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன? எந்திரி, பிடிச்சுக்கிறேன்."

"அப்ப... புடைக்காத அம்பது கிலோ நூத்திப்பத்து ராத்தலாங்க?"

"ஆமா. பத்து ராத்தல் கழிவு போனாத்தான் நூறு. இது உனக்குத் தெரியாதா? நீ புடைச்ச மிளகுதானே எல்லாம்."

"நான் ஆஸ்பத்திரில அம்பது கிலோ இருந்தேன்."

"ஆமா, நூறு..."

"என்னை யாருங்க புடைச்சது?"

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து நெருப்பு சீறியது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மனசுக்குள் அந்தப் பள்ளிக்கூடக் கணக்கு, முப்பது வருஷமாக எட்டிப் பார்க்காதது, தானாக ஓட ஆரம்பித்தது. ஐம்பதுக்கு நூற்றுப்பத்து. அப்படியானால் நாற்பத்தைந்துக்குத் தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பது! அது எப்போதோ போய்விட்டது. எட்டு ராத்தல் மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்ன அன்றைக்கே போய்விட்டது. நூற்று நாலு என்று குதித்துக் கோழி வாங்கினாரே, அன்றைக்கு அவள் ஏறவில்லை, ஆறு ராத்தல் இறங்கியிருந்தாள். அதற்குப் பிறகு எத்தனை மாத்திரை! எல்லாம் இந்தக் கையால் கொடுத்தது.

கையை மூடினார். மாத்திரை இரண்டும் உள்ளே இருந்தன. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் அவள். "பயந்துடாதீங்க. அந்தக் கணக்கு எனக்கும்தானே தோணல."

அவர் தெருவில் இறங்கி ஓடினார். முள்ளு ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. கிடங்கு வாசலில் சரக்கு ஏற்றிய வேன் கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டியை என் வீட்டுக்கு விடு."

"அண்ணே, லோடு இருக்கு. ரயிலுக்குப் போகணும். முதலாளி..."

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். விடுறா!"

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பீடியைக் கீழே போட்டான்.

கட்டிலிலிருந்து அவளை அவரேதான் தூக்கினார். தராசுக்கு வருவதற்கு முன்னால் மூட்டை சுமந்த ஆள்தான் அவரும். தோள் பழக்கத்தில் குனிந்து, பாரம் எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். எதிர்பார்த்த பாரம் இல்லாததால் தடுமாறிக் கதவில் இடித்துக்கொண்டார். இத்தனை வாரமாக அவளைத் தாங்கிப் பிடித்து நடத்தியிருக்கிறார், எழுப்பி உட்கார வைத்திருக்கிறார், குளிப்பாட்டியிருக்கிறார். அந்தக் கைக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். அவர் கையைக் கேட்கவேயில்லை. வேனுக்குள் மிளகு மூட்டைகளுக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டார். போகும் வழியெல்லாம் அவள் வாந்தி எடுக்கவில்லை. எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், முகம் மாறியது. நர்ஸ் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து எடை பார்த்தார்கள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் நர்ஸ்.

"நாப்பத்தஞ்சுல வரச் சொன்னேனே! எப்ப இறங்குச்சு? ஏன் வரல?"

முள்ளு பேசுவதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் டாக்டரம்மா. பஸ்ஸுன்னா எனக்கு ஆகாது. வரமாட்டேன்னு அடம் பிடிச்சேன். இவரு தினமும் கூப்பிட்டுட்டே இருந்தாரு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரைத்தது. புருஷன் பக்கம் திரும்பி, பேசாதே என்பது மாதிரி கண்ணைக் காட்டினாள். அந்தக் கண்ணில் மஞ்சள். இங்கே வெள்ளை விளக்கு, பளிச்சென்று தெரிந்தது.

"இல்லம்மா," என்றார் முள்ளு. "அவ பொய் சொல்றா. நான் தப்பா நிறுத்துட்டேன்."

டாக்டரம்மாவுக்கு அது என்ன வார்த்தை என்று எப்படித் தெரியும்? "அதெல்லாம் அப்புறம். மாத்திரை கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"காலைல. ரெண்டு."

"ஒரு வேளைகூட விடலையா? முழு அளவும் தவறாமக் குடுத்தீங்களா?"

"தவறவேயில்லம்மா," என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். "ஒரு வேளைகூடத் தவறல."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குள் போகும்முன் அவளுடைய கை போர்வைக்கு வெளியே வந்து எதையோ தேடியது. முள்ளு ஓடிப்போய்ப் பிடித்தார். "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். "அணைச்சுட்டேன்," என்றார். அணைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து அவளுடைய வளையல்களையும் சங்கிலியையும் ஒரு துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "எதுவும் இப்ப சொல்ல முடியாதுங்க, உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தார். எதிர்ச் சுவரோரம் அந்த எடை பார்க்கிற எந்திரம் நின்றது. அதன் தட்டில் யாரோ ஒரு குழந்தை ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது, முள் போய்ப் போய் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டைப் பையில் கையை விட்டபோது அந்த இரண்டு மாத்திரையும் தட்டுப்பட்டன. வியர்வையில் கரைந்து விரலில் ஒட்டின.

போன் அடித்தது. மகள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும், குரல் பதறியது. எப்போதும் கேட்கிற அதே கேள்விதான் அவளுக்கு முதலில் வந்தது.

"அப்பா, அம்மா எவ்வளவு இருக்காங்க?"

முள்ளு மடியில் இருந்த துணி முடிப்பைப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்தால் ஒரு மிளகு எடையைக்கூடத் தப்பில்லாமல் சொல்லக்கூடிய ஆள். நாற்பத்தொன்று என்று நர்ஸ் சொன்னது காதில் இன்னும் இருந்தது. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"அப்பா? சொல்லுங்கப்பா, எவ்வளவு?"

"தெரியலம்மா," என்றார். "எனக்குத் தெரியல. நீ கிளம்பி வா."